பட்டையைப் பிரித்த நாள்

தேயிலை விலை படுத்து, பாக்டரியை மூடி, எங்களுக்கு வேலை நின்றுபோயிருந்த சமயம். சரிவில் நின்றே கொழுந்து பறித்த என் காலில், கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வருஷக்கணக்காக ஆறாமல் கிடந்தது. தினமும் சாயத்தண்ணீரால், பால் விடாத தேயிலைத் தண்ணீரால், கழுவிக் காயவைப்பேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் புண்ணுக்கும் அதுதான் மருந்து.

ஆஸ்பத்திரி நர்ஸ் அதை நிறுத்தச் சொன்னாள். புண்மேல் தோல் நிறத்தில் ஒரு மருந்துப் பட்டையை ஒட்டி, முழங்கால்வரை துணிச்சுருளால் இறுக்கிக் கட்டினாள்.

"கழுவாதீங்கம்மா, பிரிக்காதீங்க. அடுத்த வாரம் நானே பிரிக்கறேனுங்க."

நாலைந்து நாளில் நாற்றம் கிளம்பியது. பக்கத்து வீட்டு மதினி மூக்கைப் பொத்தினாள்.

"உள்ளுக்குள்ளயே அழுகுது. காலை எடுக்கத்தான் போறாங்க."

"எடுத்தா ஒத்தக் காலிலே வந்து ஒன்னை ஒதைப்பேன்" என்றேன்.

நர்ஸ் சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்கு மதினியும் துணைக்கு வந்தாள். நர்ஸ் பட்டையை உரித்ததும் மஞ்சளாய்க் கூழ்போல வழிந்தது. நான் பேரம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"எடுக்கிறதுன்னா முழங்காலுக்குக் கீழே எடுங்கம்மா. முட்டியை மட்டும் விட்டுருங்க."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "இது சீழ் இல்லீங்கம்மா. புண்ணுத் தண்ணியில பட்டை கரைஞ்ச பசை. வாசமும் அதோடதுதானுங்க."

துடைத்துவிட்டுக் காட்டினாள். குழியாய்க் கிடந்த புண் மேடேறி, ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் வந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெஞ்சிலிருந்து குதித்து, மதினியின் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினேன்.

"ஏனுங்கம்மா, கட்டுப் போட்டுக்கிட்டு ஆடுங்க!" என்று நர்ஸ் துணிச்சுருளோடு என் காலைத் துரத்தினாள்.