பட்டியலின் கடைசிக் கட்டம்

என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளையின் படிப்பை நான் கெடுத்தேன். தெரியாமல் நடந்ததல்ல. மேசையில் உட்கார்ந்து, பேனாவில் மை நிரப்பி, நிதானமாக எழுதிக் கெடுத்தேன். இதைச் சொல்ல வேண்டியவர்களிடம் பதின்மூன்று வருஷம் கழித்துச் சொன்னேன். எழுதி வைப்பது இப்போதுதான்.

இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே இருந்த பள்ளிக்கூடத்தில் நான் ஒற்றை ஆசிரியன். ஒரே அறை, ஐந்து வகுப்பு. மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் பாடம் நடக்காது. அங்கே வருஷத்தில் பாதி நாள் மழை. சம்பளம் தோட்டத்து ஆபீசிலிருந்து வந்தது. ஆகவே ஆபீஸ் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

ஆபீஸ் கேட்டவற்றில் ஒன்று, ஒவ்வொரு டிசம்பரிலும் ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறும் பிள்ளைகளின் பட்டியல். பெயர், வயது, தகப்பன் பெயர், குடியிருக்கும் லயத்து நம்பர், கடைசியாக ஒரு கட்டம். அதன் தலைப்பு ‘தகுந்த வேலை’. நான் எழுதியதைப் பார்த்துத்தான் ஜனவரியில் தோட்டத்தில் பேர் பதிவார்கள். கொழுந்து பறிக்க, செடி கவ்வாத்து வெட்ட, தொழிற்சாலைக்கு, பங்களாத் தோட்டத்துக்கு.

முதல் இரண்டு மூன்று வருஷம் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எனக்குக் கை கூசியது. பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவன் மருந்துக்காரன் ஆவான், இவன் லொறி ஓட்டுவான், இவள் புடவையில் மடிப்புக் கலையாமல் ஏதோ ஒரு பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் நிற்பாள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பிறகு அந்த விளையாட்டு சலித்தது. வேறொரு விளையாட்டு பிடித்தது. ஒரு பிள்ளை உண்மையில் என்ன ஆகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீட்டில் சீட்டாடப் போவேன். அங்கே, நான் சொன்னது எதுவும் இதுவரை தப்பியதில்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். எப்படித் தப்பும்? பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தவனே நான்தானே.

கிளாக்கர் வீட்டில் சீட்டாட இடம் கிடைத்தது எனக்குப் பெரிய விஷயம். என் அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். துரைசாணி ஒரு கடிதம் கொடுத்ததால்தான் அட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நானும் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்றிருப்பேன். கிளாக்கருக்கு இது தெரியும். எனக்குச் சீட்டில் கை நன்றாக விழும் நாட்களில் மட்டும் அதை ஞாபகப்படுத்துவார்.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் இருக்கும். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். கிளாக்கரும் கூட வந்து கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்தாம் வகுப்புக்குக் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். ஒரு பெண் காலையில் இருபத்திரண்டு இறாத்தல் கொழுந்து பறிக்கிறாள், பகலில் பதினெட்டு, அந்தியில் பதினாறு. அன்று அவள் பேரில் எத்தனை இறாத்தல் விழும்? பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயத்தில் கணக்குப் போடுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் மெச்சுவார் என்பது என் எண்ணம். ஐம்பத்தாறு என்று விடையையும் எழுதினேன்.

இரண்டாம் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பதினொரு வயது. கொழுந்து பறிக்கிற தாய்க்கும் மலையில் தண்ணீர்க் கான் வெட்டுகிற தகப்பனுக்கும் ஒரே பிள்ளை.

“ஐம்பத்தாறு விழாதுங்க சார். ஐம்பதுதான் விழும். கூடைக்குக் கழிக்கலையே நீங்க.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டார். மூன்று நிறுவை, நிறுவைக்கு இரண்டு இறாத்தல் என்றாள். கூடை இரண்டு இறாத்தல் இருக்குமா என்று கேட்டார்.

“வெறுங்கூடை ஒரு இறாத்தல்கூட இருக்காதுங்க. மழைன்னா தண்ணிக்குன்னு இன்னும் கழிப்பாங்க. அதுக்குக் கணக்கு இல்லீங்க. கணக்கப்பிள்ளை மனசைப் பொறுத்தது.”

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். கிளாக்கர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அவளை இன்னும் நாலைந்து கணக்குக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மனசிலேயே போட்டு விடை சொன்னாள். இந்தப் பிள்ளையை மேலே படிக்க அனுப்ப வேண்டும், பட்டணத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இலவசமாக ஓரிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அவள் தாய் அன்று சாயங்காலமே வந்து விசாரித்தாள். கடிதம் வந்தால் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பரில் கடிதம் வந்தது. இடம் இருக்கிறது, பெற்றோரின் சம்மதத்தை எழுதி வாங்கித் தலைமை ஆசிரியர் தம் அபிப்பிராயத்தோடு அனுப்ப வேண்டும். அந்தப் படிவம் ஒன்பது நாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அந்த ஒன்பது நாளுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமையில் கிளாக்கர் சீட்டைக் கலைத்துக்கொண்டே, மாஸ்டருக்கே ஒரு லயத்துப் பிள்ளை கணக்குச் சொல்லிக் கொடுத்ததாமே என்று கூடியிருந்தவர்களிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு என்னைப் பார்த்து, இப்பவே கழிவைக் கேட்கிற பிள்ளை படித்துவிட்டு வந்தால் என்னவெல்லாம் கேட்கும் என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார்.

அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். மறுநாள் நானாகத்தான் படிவத்தை எடுத்தேன். பெற்றோருக்குச் சம்மதமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கையோடு பட்டியலையும் எழுதி முடித்தேன். அவள் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் ‘கொழுந்து’.

ஜனவரி முதல் வாரத்தில் தாய் மறுபடியும் வந்தாள். முந்தானையில் அவரைக்காய் முடிந்து கொண்டுவந்திருந்தாள், அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குப் பின்னால் போட்ட கொடியில் காய்த்தது. வாசற்படிக்குக் கீழேயே நின்று, கடுதாசி வந்துச்சுங்களா என்று கேட்டாள். வந்தது என்றேன். இடமில்லை என்று சொல்லியிருக்கலாம், அதோடு போயிருக்கும். எனக்கு அது போதவில்லை. பட்டணத்தில் விடைத்தாளைப் பார்த்தார்களாம், உன் மகள் கணக்கில் போதாது என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

“அவ நல்லா போடுவான்னுதாங்க எல்லாரும் சொன்னாங்க” என்றாள். பிறகு அவரைக்காயைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அன்று அதைத்தான் சமைத்துச் சாப்பிட்டேன்.

பிள்ளைக்குப் பேர் பதிந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு மேலே இருந்த மலையில் அவளுடைய கூடை மற்றக் கூடைகளோடு ஏறி இறங்கியது. முதல் வருஷம் ஜன்னலைச் சாத்திவைத்துப் பாடம் நடத்தினேன். அப்புறம் பழகிவிட்டது. எல்லாமே பழகிவிடுகிறது என்பதுதான் என் ஆயுளில் நான் கண்ட கேவலம். அவளுக்குக் கல்யாணம் ஆனதும் தகப்பன் செத்ததும் எனக்குத் தெரியும். அந்தக் கருமாதிக்குப் போய் மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்து தேநீரும் குடித்தேன்.

பதின்மூன்று வருஷம் கழித்து, ஒரு ஜனவரியில் தன் மகளைச் சேர்க்க அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பெயரைப் பதிந்துகொண்டே, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பிள்ளை உன்னைப் போலக் கெட்டிக்காரியாக இருப்பாள் என்றேன். அவள் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டபடி சாதாரணமாகச் சொன்னாள்.

“இவளுக்குக் கணக்கு வராதுங்க சார். என்னைய மாதிரிதான்.”

அவள் போன பிறகு மற்றப் பெண்களிடம் ஒவ்வொன்றாக விசாரித்தேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கணக்கு டீச்சர்’. பட்டணத்துப் பள்ளிக்கூடம் தள்ளிவிட்டதால் வந்த பெயர். முதல் மாதத்தில் ஒருநாள் நிறுவை தப்பு என்று வாயைத் திறந்திருக்கிறாள். கணக்கிலே தள்ளிவிட்ட பிள்ளைக்கு இங்கே என்ன கணக்கு என்று கணக்கப்பிள்ளை கேட்டிருக்கிறார். மடுவமே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து தராசுக்கு முன்னால் அவள் பேசுவதில்லை. எவ்வளவு கழித்தாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

அவளுக்கு லேசான வேலை வாங்கிக் கொடுத்தால் மனசு ஆறும் என்று பார்த்தேன். பிள்ளைக் காம்பராவில், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. துரைக்கு எழுதினேன். அந்த இடத்துக்குக் கங்காணியின் மருமகளைப் போட்டாகிவிட்டது என்று ஆபீசிலிருந்து பதில் வந்தது. உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான். முயற்சி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அந்த நிம்மதி மூன்று மாதம் நீடித்தது. அந்த மூன்று மாதமும் அவள் மகள் என் கண் முன்னால், முதல் வகுப்பில், விரல் விட்டு எண்ணாமலே இருபது வரைக்கும் கூட்டிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் சொல்லமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் லயத்துக்குப் போனேன். அவளும் அவள் தாயும் காம்பரா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சாக்கு விரித்தார்கள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், கையெழுத்து, கணக்கில் போதாது என்ற பொய், எல்லாம்.

தாய்தான் முதலில் பேசினாள். “ஒங்களுக்கு அவரைக்கா கொண்டாந்து குடுத்தேனேங்க.”

திரும்பவும் விறகை எடுத்து அடுக்கினாள். மகள் என்னைப் பார்த்தபடி இருந்தாள். அப்பாவுக்குச் சம்மதமில்லைன்னு எழுதினீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்பா என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போக ஒரு தகரப்பெட்டி வாங்கி வைத்திருந்தார் என்றாள். அதை எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தையை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“இங்கன சொன்னா எனக்கும் அம்மாவுக்குந்தான் தெரியும். நான் கூடையைத் தூக்கிக்கிட்டு நகர்ந்தது மடுவத்துலதானே. அங்க வந்து சொல்லுங்க.”

வருகிறேன் என்றேன். போக எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பகல் நிறுவைக்குப் போனேன். ஐம்பது அறுபது பெண்கள், இடுப்பில் சுற்றிய நனைந்த படங்குத் துணியோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை துண்டுச் சீட்டும் பென்சிலுமாகத் தராசுப் பக்கத்தில் நின்றார். பிரசங்கம் மாதிரி எதுவும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணைப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் தள்ளவில்லை, இடம் கொடுத்தது, நான்தான் பொய் எழுதி அதைத் தடுத்தேன், கணக்கில் இவளைப்போல ஒரு பிள்ளையை இந்தத் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி, “அப்ப போதாதது மாஸ்டருக்குத்தானா?” என்றாள். சிலர் சிரித்தார்கள்.

அடுத்தது அவள் முறை. கொழுந்துக் கூடையைத் தராசில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை இருபது என்றார், இரண்டு கழித்துப் பதினெட்டு என்று எழுதப் போனார்.

“வெறுங்கூடையை நிறுங்க. எவ்வளவு இருக்கோ அதைக் கழிங்க.”

நகரு என்றார் அவர். அவள் நகரவில்லை. பின்னால் நின்றவர்களும் அவளைத் தள்ளவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றார்கள். கடைசியில் கங்காணி வந்து கொழுந்தைச் சாக்கில் கொட்டிவிட்டு வெறுங்கூடையை மாட்டினான். முள் ஒரு இறாத்தலைத் தொடவில்லை. அன்று மட்டும், அவளுக்கு மட்டும், ஒரு இறாத்தல் கழித்தார்கள்.

இதை நல்ல முடிவாக எழுதிவிட்டு நிறுத்த எனக்கும் ஆசைதான். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவள் பேரைக் கூப்பிடவில்லை. அந்த வாரம் முழுக்க வேலை இல்லை. அடுத்த வாரத்திலிருந்து, அட்டை நிறைந்த உச்சி மலைக்கு அனுப்பினார்கள். பெண்கள் நாலைந்து நாள் கூடையை நிறுக்கச் சொல்லிக் கேட்டார்கள், பிறகு மழைக்காலம் வந்தது, விட்டுவிட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை. தினம் மூன்று தடவை கேட்டாள். தினம் மூன்று தடவையும் இரண்டு இறாத்தல் கழித்தார்கள்.

எனக்கு டிசம்பரோடு வேலை முடிகிறது என்று ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. போவதற்கு முன் பட்டியலை எழுதித் தரச் சொன்னார்கள். பதினெட்டுப் பிள்ளைகள். பெயர், வயது, தகப்பன் பெயர், லயத்து நம்பர் எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்தை மட்டும் பதினெட்டுப் பேருக்கும் காலியாக விட்டேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் காலியாகவே கொடுத்தேன். கணக்குத் தீர்க்க ஆபீசுக்குப் போன அன்று புதுக் கிளாக்கர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதினெட்டுக் கட்டத்தையும் அவரே நிரப்பியிருந்தார். ஒவ்வொன்றாக வாசித்தேன். நான் எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அவள் மடுவத்துச் சம்பவத்துக்கு மறுவாரமே மகளை என் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். இரண்டு மைல்கட்டை தூரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். எனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பிள்ளை தினம் காலையில் என் ஜன்னலுக்குக் கீழே இருந்த பாதையால்தான் போக வேண்டும். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, சிலேட்டைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போகும். பாட்டி பாலம் வரைக்கும் கூட வந்துவிட்டுத் திரும்புவாள். திரும்பும்போது பள்ளிக்கூடத்தைப் பார்க்கமாட்டாள்.

வலப்பனைப் பக்கத்தில் ஒரு கடையில் எழுத்து வேலை கிடைத்துப் புறப்பட்ட காலையிலும் அந்தப் பிள்ளை போயிற்று. என்ன ஆவாள் இவள் என்று பழக்கதோஷத்தில் மனசு ஓட ஆரம்பித்தது. நான் ஜன்னலை விட்டு உள்ளே வந்து பெட்டியைக் கட்டினேன்.