வெல்லம் ஊற்றிய சீஸ்

ஓவனிலிருந்து அப்போதுதான் வெளியே எடுத்த சீஸின் மேல் என் மாமியார் ஒரு கரண்டி வெல்லப்பாகை ஊற்றிய கணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பொன்னிறமாக உப்பியிருந்த அந்த வெள்ளை வட்டத்தின் மேல் பாகு விழுந்ததும் 'சுர்'ரென்று நுரைத்தது. என் மைத்துனன் அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீறிப் பூண்டும் மிளகும் செருகியிருந்தான். அந்தக் கீறல்களின் வழியே பாகு உள்ளே இறங்கியது. தோசைக்கல்லில் ரொட்டித் துண்டுகளை வாட்டிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

எதையும் நாளும் கிழமையுமாகக் குறித்து வைத்துக்கொள்வது என் பழக்கம். அது பெருந்தொற்றுக்கு முந்திய ஆவணி, ஞாயிற்றுக்கிழமை. விநாயகர் சதுர்த்தி முடிந்திருந்த வாரம். கொழுக்கட்டைப் பூரணத்துக்குக் காய்ச்சியதில் மிஞ்சியதுதான் அந்தப் பாகு. செங்கல்பட்டிலுள்ள மாமியார் வீட்டுக்கு அன்று பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை இந்த மைத்துனன்தான், என் மனைவியின் தம்பி. மாமல்லபுரத்தில், வெளிநாட்டுப் பயணிகள் கூடும் ஒரு கடற்கரை உணவகத்தில் சமையல்காரன். பெண் புதுப்பட்டினம். அவளுக்கு அவனையும் அவனுக்கு அவளையும் பிடித்துப்போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. சம்மதம் சொல்ல வேண்டியவர் அவளுடைய அப்பா ஒருவர்தான்.

வழக்கம்போல் கேசரியும் பஜ்ஜியும் செய்கிறேன் என்று மாமியார் சொன்னதற்கு அவன் ஒப்பவில்லை. "அத எல்லா வூட்லயுந்தான் குடுப்பாங்க. நான் இன்னா வேலை செய்றேன்னு அவரு பாக்கட்டும் மாமா" என்று என்னிடம் சொன்னான். உணவகத்துக்குப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் சீஸில் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, பனிக்கட்டி வைத்த டப்பாவில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். இருந்தது அது ஒன்றே ஒன்றுதான். ஓவனையும் யாரிடமோ இரவல் வாங்கியிருந்தான்.

வந்தவர்கள் இருவர். பெண்ணின் அப்பாவும் அவருடைய தங்கையும். அவர் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து பல ஆண்டுகள் ஆனவர். கூடத்தில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"சமையல் வேலைய நான் கொறச்சி பேசல. சம்பளத்தையும் கேக்கல. பொங்கலு, தீவாளி, ஞாயித்துக்கெயம, ஊரே வூட்ல கீற நாள்லதான் உங்க புள்ளைக்கு ஓட்டல்ல வேலை. அவங்கம்மா போனதுலேர்ந்து எம்பொண்ணு ஒரு வேளை கூடத் தனியா சாப்ட்டதில்ல. நானும் அவளும் ஒண்ணாத்தான் குந்துவோம். நாளைக்கு அவ யாரோட குந்தி சாப்டுவா?"

மறைமலைநகர்த் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்பவன் நான். கம்பெனி பஸ் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். மனைவியோடு ராத்திரிச் சாப்பாடு என்பதை ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை. அவர் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். என் கல்யாணம் ஆன நாளிலிருந்து மைத்துனன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடி, ஒரு கிண்ணத்திலிருந்து அள்ளிப் போட்டுக்கொள்வான். அடுத்து எதை இறக்குவது என்றே கண் அலையும். உணவகத்தில் பழகிய பழக்கம். கேள்வி அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நான் அடுக்களைக்குப் போனபோது அவன் முகம் சுண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் பாகை ஊற்றினார்.

"இன்னாம்மா பண்ணிட்ட!"

"நல்ல காரியத்துக்கு வந்தவங்க வாயில மொதல்ல இனிப்பு படணும்டா. கேசரிதான் வாணான்ட்ட. பூண்டையும் மொளகையும் நீட்டுவியா?"

"ஒண்ணுதாம்மா இருந்துச்சி!"

"அதான் அதும்மேலயே ஊத்தினேன்."

வாதாட நேரமில்லை. சூடு ஆறினால் அந்தச் சீஸ் இறுகிவிடும் என்று அவன் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் வைத்தான். பெண்ணின் அப்பா உடனே கையெடுத்துக் கும்பிட்டார். "வாணாம்பா, இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்." முடிவு சொல்லாத வீட்டில் எதையும் எடுத்த எடுப்பில் வாயில் வைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுக்காரர் வற்புறுத்துவதும் வந்தவர் மறுப்பதுமாகக் கொஞ்ச நேரம் போனால்தான் அது மரியாதை. மாமியாரும் "ஒரு வாயி" என்று முறைப்படி தொடங்கிவிட்டார். சீஸின் ஓரத்தில் பளபளப்பு மங்குவதை மைத்துனன் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குள் இருந்த சமையல்காரனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சார், சாப்ட்டு முடிச்சிட்டு வாணான்னு சொல்லுங்க. ஆறிப்போனா ரப்பரு. செருப்புக்குத்தான் ஒதவும்."

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் திகைத்துப் போய் ஒரு ரொட்டித் துண்டை எடுத்தார். நடுவில் குத்தித் தூக்கினார். உருகிய சீஸ் கூடவே கிளம்பி, நூலாக நீண்டு, அவர் சட்டைப் பொத்தானைத் தொட்டது. தங்கை முதலில் முகர்ந்தார். "வெண்ண வாசனதான், ஆனா கொஞ்சம் கோவிச்சிகினு கீது" என்றார். கடித்த துண்டை மறுபடி தொட்டால் எச்சிலாகிவிடும் என்று தன் ரொட்டியை முன்னாலேயே சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்துக்கொண்டார். உப்பு, மிளகின் காரம், பூண்டு, இவற்றுக்கெல்லாம் அடியில் வெல்லம். நானும் ஒரு வாய் தின்றேன். நன்றாக இருந்தது என்று எழுதினால் குறைத்து எழுதியதாகும்.

பெண்ணின் அப்பா நிமிர்ந்து பார்த்தார். மைத்துனன் கைகளைக் கட்டியபடி, எந்த ரொட்டி தீர்கிறது, எது ஆறுகிறது என்று கவனித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"நீ சாப்டல?"

"நீங்க சாப்டுங்க சார். நான் அப்பால..."

"அப்பாலன்னா ரப்பருன்னியே? குந்துப்பா."

அவன் உட்கார்ந்தான். நாற்காலியில் எப்படி உட்காருவது என்பதே மறந்தவன் போல நுனியில்தான் உட்கார்ந்தான். ஒரே தட்டில் எங்கள் கைகளெல்லாம் மோதிக்கொண்டன. கடைசித் துண்டு ரொட்டியால் தட்டைத் துடைத்தவர் பெண்ணின் அப்பா. பிறகு கை கழுவிக்கொண்டு, சம்மதம் என்றோ இல்லை என்றோ சொல்லாமலே எழுந்தார். மாமியாரின் முகம் வாடிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அவர் கேட்டார்.

"உனக்கு வார லீவு என்னிக்கி?"

"செவ்வாக்கெயம சார்."

"அப்ப வர்ற செவ்வாக்கெயம வூட்டுக்கு வா. எம்பொண்ணும் நானுமா ஒல வைக்கிறோம். மூணு பேரும் ஒண்ணா குந்தி சாப்டலாம்."

தங்கை பதறினார். "இன்னாண்ணே நீ? செவ்வாயில போயி எவனாவது சம்பந்தம் பேசுவானா?"

"அவனுக்கு அன்னிக்கித்தானே லீவு?" என்று சொல்லிவிட்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

மாமியார் என்னைப் பார்த்தார். பஞ்சாங்கம் பார்க்காமல் ஒரு பொருளையும் வாங்காதவர் என்று பெண்ணின் அப்பாவைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமையே பேச்சு முடிந்தது. எனக்குத் தெரிந்து எங்கள் இரு குடும்பங்களிலும் செவ்வாயில் உறுதியான கல்யாணம் அது ஒன்றுதான். இப்போது தீபாவளி எந்தக் கிழமை வந்தாலும் அவர்கள் வீட்டில் அதற்கு அடுத்த செவ்வாய்தான் விருந்து. தேதி குறிக்கிற எனக்குத்தான் சங்கடம். ஒரே பண்டிகைக்கு இரண்டு நாள் எழுத வேண்டியிருக்கிறது.

உணவகத்தில் அந்தப் பதார்த்தம் இன்றும் ஓடுகிறது, வெல்லத்தோடேயே. சென்ற செவ்வாய் புதுப்பட்டினம் போயிருந்தேன். பெரியவருக்கு முட்டிவலி, நடை தளர்ந்திருக்கிறது. தட்டில் சோறு விழுந்த பிறகும் கை வைக்காமல் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு தடவை, நான் ஒரு தடவை சாப்பிடச் சொல்லிப் பார்த்தோம். கடைசியில் அவரே குரல் கொடுத்தார்.

"டேய் மாப்ள, இன்னும் இன்னாடா அங்க கெளறிகினு கீற?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான், சாவகாசமாக, சப்பணம் போட்டு. அதன் பிறகுதான் அவர் சோற்றைப் பிசைந்தார்.