சாச்சியின் சஹன்

கற்பிட்டிக்கு வருகிறவர்கள் ஒல்லாந்தர் கோட்டையைப் படம் பிடிப்பார்கள், டொல்பின் பார்க்கக் கடலுக்குப் போவார்கள். புத்தளத்திலிருந்து நான் பஸ் ஏறுவது சாச்சியின் சோற்றுக்கு.

சாச்சி என் உம்மாவின் தங்கை. பனையோலையில் பாய் இழைப்பார். அந்தப் பாயில்தான் சஹன் வைப்பார். பெரிய வட்டத் தட்டத்தின் நடுவில் சோறு, சுற்றி ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் உள்ள பக்கம். வீட்டுக்காரரும் விருந்தாளியும் ஒரே தட்டத்தில் கை வைப்பது எங்கள் வழக்கம்.

கடற்கரை ஹோட்டல் ஒன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தன் விருந்தாளிகளைச் சாச்சி வீட்டுக்கு அனுப்பும். பாய் இழைப்பதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்கள். சாச்சியின் கணவர், என் சாச்சா, மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு வீடு ஓடியதே அதற்கு ஹோட்டல் தரும் காசில்தான்.

அன்று நானும் இருந்தேன். நான்கு வெள்ளைக்காரப் பெண்களோடு வந்த ஹோட்டல்காரர், ஒரு பெட்டி நிறையப் பீங்கான் தட்டும் கரண்டியும் கொண்டுவந்திருந்தார்.

"இனிமே ஆளுக்கொரு பீங்கான்ல போடுங்க. எல்லாரும் ஒரே தட்டத்துல கை வைக்கிறது இவங்களுக்குச் சரிவராது. நீங்க குசினில சாப்பிடுங்க."

சாச்சியைச் சமையலறைக்கு அனுப்புவதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் சாச்சி முந்திக்கொண்டார்.

"தம்பி, இது என்ட ஊடு, கடை இல்ல. வந்த ஆக்கள உட்டுட்டு நான் குசினில போய்த் தின்னுறதா?"

"அப்ப அடுத்த கிழமை வேற ஊடு பார்க்க வேண்டி வரும்."

"பாருங்க."

அந்தப் பெட்டியைச் சாச்சியே தூக்கி அவர் கையில் கொடுத்தார். பிறகு எல்லாரும் கை கழுவக் கெண்டியில் தண்ணீர் எடுத்துவந்தார். மூக்கு வெயிலில் சிவந்துபோன ஒரு பெண் அதற்குள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். மற்ற மூவரும் அவளைப் பார்த்துத் தாங்களும் உட்கார்ந்தார்கள். நானும் சாச்சியும் உட்கார, ஆறு பேர். ஹோட்டல்காரர் பெட்டியோடு வாசலில் நின்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

சிவந்த மூக்குக்காரிக்குச் சோறு விரலிடுக்கில் நிற்கவில்லை, பாதி என் பக்கம் சிந்தியது. சாச்சி மீனைப் பிய்த்து எல்லார் பக்கமும் வைத்தார். நான் என் இறாலை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரத்தில், இனிப்புக்கு வந்த வட்டிலப்பத்தின் கடைசித் துண்டை அவள் என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த ஞாயிறு ஹோட்டல் வேன் வராது என்று சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. பக்கத்திலுள்ள குறிஞ்சிப்பிட்டியில் வேறு வீடு பிடித்துவிட்டார்களாம். ஞாயிறு காலையிலேயே சாச்சிக்குப் போன் எடுத்தேன்.

"நான் போய் அந்த ஆளோட கதைக்கட்டா?"

"என்னத்துக்கு? கெஞ்சப் போனா நாளைக்கு அந்தப் பீங்கானோடதான் வருவான்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"சோறு ஆக்கப் போறேன். பக்கத்து ஊட்டாக்களக் கூப்பிட்டிருக்கேன். என்னோட அஞ்சு பேர். ஆறாவது ஆள் வராம சஹன் மூடியத் திறக்க மாட்டேன். வா புள்ள."

நான் புத்தளம் பஸ் நிலையத்துக்குப் போனபோது கற்பிட்டி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினேன்.