கயிறு அறுந்த கருத்தரங்கு

எழுபதுகளில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்தேன். தென்னங்கயிறு தண்ணீரில் எப்படி மக்குகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. கோவளத்துக் கடலில் சில துண்டுகள், பள்ளிக்கரணைச் சதுப்பில் சில துண்டுகள் என்று மாதக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு அறுகிறவரை இழுத்துப் பார்ப்பேன். மெட்ராஸில் நடந்த சர்வதேச அறிவியல் கூட்டம் ஒன்றில் இதைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள்.

புறப்படும்போது மனைவி என் தலையில் கைவைத்து, "ஆண்டவரே, இவருடைய இங்கிலீஷைக் காத்தருளும்" என்று ஜெபித்தாள்.

கயிறுகள் பிஸ்கட் டின்னில் இருந்தன. ரயில் குரோம்பேட்டை தாண்டுவதற்குள் மூடியை மீறி வாடை கிளம்பிவிட்டது.

எதிரில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா சார் அது, கருவாடா?"

"இல்லைங்க, ஆராய்ச்சி."

"செத்து எத்தினி நாளாச்சு?" என்று கேட்டுவிட்டு எழுந்து கதவோரம் போனார். மாம்பலம் வரை எனக்கு முழு பெஞ்சும் கிடைத்தது.

அரங்கில் நான் மேடையேறியதும் கரண்ட் போனது. என் கட்டுரையின் உயிர் முழுக்க ஸ்லைடுகளில் இருந்தது. தலைமை வகித்த பெரியவர், "பரவாயில்லை, பேசுங்கள்" என்றார். வேறு வழி தெரியாமல் டின்னைத் திறந்தேன். முன்வரிசை மெல்ல இரண்டாம் வரிசைக்கு இடம்பெயர்ந்தது.

"நீங்களே இழுத்துப் பாருங்கள்" என்றேன். ஒல்லியான ஜெர்மானியர் ஒருவரும் பருத்த ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரும் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார்கள். முதலில் கடலில் ஊறிய கயிறு. முகம் சிவக்க இழுத்தும் அது அறவில்லை. அரங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கைதட்டியது. அதே வேகத்தில் சதுப்புக் கயிற்றைப் பிடித்தார்கள். பட்டென்று அறுந்தது. ஆங்கிலேயர் பின்பக்கமாகப் போய்த் தலைவரின் மடியில் உட்கார்ந்தார். நாற்காலி தாங்கவில்லை, இருவரும் தரைக்கு வந்தார்கள்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். நிலைமை புரியாத கடைசி வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, "அறுவதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது?" என்று கேட்டார்.

"சுமார் அரைப் பேராசிரியர்" என்றது தரையிலிருந்து ஆங்கிலேயரின் குரல்.

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. தலைவரும் தூசியைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

அந்தச் சதுப்பைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் பிடிவாதம் பிடித்ததால் மறுநாள் பள்ளிக்கரணைக்கு அழைத்துப்போனேன். சொல்லச் சொல்லக் கேட்காமல் ஜெர்மானியர் முழங்கால்வரை இறங்கினார். நாங்கள் இழுத்தெடுத்தபோது ஒரு ஷூவோடுதான் கரையேறினார். "கூட்டத்திலேயே நல்ல அமர்வு இதுதான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.