ஜன்னலில் நடந்த பால்வாடி

யானை வந்தால் பால்வாடிக்கு லீவு, பள்ளிக்கூடத்துக்கு லீவு, ரேஷன் கடைகூடத் திறக்காது. கம்பெனி வேன் மட்டும் வரும். எங்கள் ஊரில் இதை யாரும் அதிசயமாகச் சொல்லமாட்டார்கள். மழைக்குக் குடை பிடிப்பதுபோல யானைக்கு இப்படி என்று பழகிவிட்டார்கள். எனக்குத்தான் இத்தனை வருஷமாகியும் பழகவில்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஊர், சானமாவு காட்டுக்கும் உத்தனப்பள்ளிக்கும் நடுவில். ராகி முற்றும் மாதத்தில் கர்நாடகா பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் இறங்கிவரும். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு மூன்று. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்களுடன் இருப்பார். அம்மா ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஒயர் கோர்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். யூனிஃபார்ம் கோட்டும் கழுத்தில் அட்டையுமாக வேனில் ஏறிப் போன முதல் ஆள் அம்மாதான். அந்த அட்டையை அவள் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவாள்.

அந்த வருஷம் கூட்டம் பெரிதாக வந்துவிட்டது. விடியற்காலை ஆறு மணிக்கு மைக் கட்டிய ஆட்டோ எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. பொதுமக்கள் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரவேண்டாம், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும் என்று தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம் சொன்னது. அது கன்னடத்தில் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலேயே கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. ஆட்டோ ஓரமாக ஒதுங்கி வேனுக்கு வழிவிட்டது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். மூன்று மொழியிலும் சொன்னார்களே, எந்த மொழியிலாவது அந்தக் கம்பெனிக்காரர்களுக்கும் சொல்லியிருக்கக் கூடாதா?

போகாமல் இருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். கான்ட்ராக்ட் ஆள் சொல்லாமல் ஒருநாள் நின்றால் மறுநாள் கேட்டிலேயே அட்டையை வாங்கிக்கொள்வார்கள். யானை வந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் தெருவில் அந்த வேனில் போகிற அம்மாக்கள் நாலு பேர். வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, நாலு பேரும் நின்ற நிலையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் வீடு அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. மற்றது எல்லாம் ஷீட் போட்டது. ஆகவே ஆறு பிள்ளைகளையும் எங்கள் வீட்டில் விடுவது. ஆறில் நான்தான் பெரியவள். பிள்ளைகள் யானை பார்க்க ஓடிவிடும் என்ற பயத்தில் வெளியே பூட்டு. அம்மா தினமும் செய்கிற பழக்கத்தில் சாவியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். கம்பெனிக்குள் போனும் பையும் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆக, ஆறு பிள்ளைகள் ஒரு பூட்டுக்குள், அந்தப் பூட்டின் சாவி இன்னொரு பூட்டுக்குள். நான்கு தாய்மார்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை. தோன்ற யார் நேரம் கொடுத்தார்கள்?

பத்து மணிக்கு வேட்டு போட ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் கூட்டத்தைத் திருப்புவதற்கான வேட்டு. தீபாவளி வெடி மாதிரி இல்லை. சுவரில் மாட்டிய தட்டு அதிர்ந்து கீழே விழுந்தது. முதல் வேட்டுக்கே தம்பி கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். மற்றதுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழுதன. இவன் அழவும் இல்லை. சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக் கிடந்தான். கால்சட்டை ஈரமாகிவிட்டது, அதிலேயே கிடந்தான். களி கொடுத்தேன், தொடவில்லை. காலைப் பிடித்து இழுத்தேன், கடித்துவிட்டான். நானும் ஓர் அடி வைத்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

வேட்டுக்காரர் ஒருவர் ஜன்னல் பக்கமாகப் போனார். அவரைக் கூப்பிட்டேன். அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெளிய வராதீங்க பாப்பா, உள்ளயே இருங்க" என்றார்.

சாயங்காலம் அம்மா வந்து தம்பியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தாள். அவன் அவளிடமும் பேசவில்லை. ஓயாமல் வாயாடுகிற பையன். வீட்டில் தமிழ், எதிர்வீட்டில் தெலுங்கு என்று இரண்டையும் கலந்து கட்டி அடிப்பான். அன்று ஒரு வார்த்தை வரவில்லை. அடுப்பில் கடுகு வெடித்ததற்கு உடம்பெல்லாம் நடுங்கினான். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, "நாளைக்கி ஒருநாள் சாமி, ஒரே ஒருநாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பொய் சொன்னாள் என்று எனக்குக் கோபம். நாளைக்கும் யானை போகாது என்று மைக்கில் சொல்லிவிட்டார்களே.

மறுநாளும் அதே பூட்டு. வேட்டு தொடங்குமுன்பே தம்பி கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ஒன்பது மணி இருக்கும். ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பால்வாடி டீச்சர்.

டீச்சர் நாலு தெரு தள்ளி இருப்பவர். பால்வாடியைத் திறக்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. முதல் நாள் பிள்ளைகள் கத்தியது அவர் வீடுவரை கேட்டதாம். கையில் ஒரு தூக்குப் போசி. அதில் பால்வாடி சத்துமாவைப் பிசைந்து பிடித்த உருண்டைகள். சுவர் ஓரமாகக் கிடந்த ஹாலோபிளாக் கற்களை அடுக்கி, அதன்மேல் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்தார். பூட்டுக்குள் இருந்த நாங்களாவது பத்திரம். அவர் முதுகுக்குப் பின்னால் ராகிக் கொல்லை, அதற்குப் பின்னால் காடு. அன்று அந்தத் தெருவில் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

கம்பி வழியாக ஒவ்வொருவர் வாயிலும் உருண்டையை ஊட்டினார். தம்பியை அவர் கூப்பிடவே இல்லை. கட்டிலுக்கு அடியில் இருப்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். முதல் வேட்டு வெடித்ததும் மற்ற பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் கை தட்டுங்க. யானைக்கு வழி தெரியல. நாம தட்டுனாதான் இது மனுசங்க வூடுன்னு தெரிஞ்சிக்கிட்டு அதும் வூட்டுக்குப் போவும்" என்றார். எல்லாரும் தட்டினோம். இரண்டாவது வேட்டுக்கு வேட்டைவிடச் சத்தமாகத் தட்டினோம். எதிர்வீட்டுக் குட்டிப்பெண்களுக்குத் தெலுங்கில் சொன்னார். எத்தனை வேட்டு என்று விரல்விட்டு எண்ணச் சொன்னார். நேற்று அழுததுகள் எல்லாம் அடுத்த வேட்டு எப்போது என்று காது தீட்டிக்கொண்டு நின்றன.

ஐந்தாவது வேட்டுக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து மெதுவாக ஒரு கைத்தட்டல் வந்தது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்க்கப் போனேன்; கண்ணாலேயே அதட்டினார். எட்டாவது வேட்டுக்கு அவன் தவழ்ந்து வெளியே வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வூட்டுக்குப் போச்சா?" என்றான்.

"போய்க்கினே இருக்குது கண்ணு. அதோட அம்மா முன்னால போவுது" என்றார் டீச்சர்.

அன்று அவன் மூன்று உருண்டை தின்றான். சாயங்காலம் அம்மாவைக் கண்டதும் யானை கதையைக் கொட்டித் தீர்த்தான். அம்மா ஓடிப்போய் டீச்சரிடம் சாவியை நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை.

"கதவத் தொறந்தாதான் சென்டர் நடத்துன மாதிரி. ஜன்னல்ல பேசுறதுக்கு யாரு கேக்கப் போறாங்க?" என்றார்.

மூன்றாம் நாளும் வந்தார். அன்று உருண்டையோடு பால்வாடி முட்டையையும் அவித்துக் கொண்டுவந்து ஊட்டினார். அன்று தெருவில் யாரோ அதைப் போட்டோ எடுத்தார்கள். கம்பிக்கு உள்ளே ஆறு முகம், வெளியே டீச்சர். நல்ல எண்ணத்தில்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் அது போன் போனாகப் போய், யானைக்குப் பயந்து பச்சைப் பிள்ளைகளைக் கூண்டில் அடைத்த ஊர் என்று ஆகிவிட்டது. இனி யாராவது பதில் சொல்ல வேண்டும். கம்பெனியை யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகளை எங்கே விடுவது என்று யோசிக்காமல் பால்வாடியை மூடச் சொன்னவர்களை யாரும் கேட்க மாட்டார்கள். யானையைக் கேட்க முடியாது. மிச்சம் இருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கூட்டம் திரும்பிப் போன மறுவாரம் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். அம்மாக்கள் நாலு பேரும் கம்பெனியில். அவர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, மிட்டாய் கொடுத்து, மிகவும் பிரியமாகக் கேட்டார். டீச்சர் வந்தாங்களா? எத்தனை நாள்? என்ன கொடுத்தாங்க? உங்களைப் பூட்டி வச்சிருந்தது அவங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். டீச்சரைப் பற்றி ஒரு பெரிய மனிதர் பக்கம் பக்கமாக எழுதுகிறாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. குடியரசு தினத்துக்கு மேடையில் கூப்பிட்டு சால்வை போடுவார்களே, அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து டீச்சருக்கு மாற்றல் வந்தது. மாவட்டத்தின் அந்தக் கோடி, சிங்காரப்பேட்டைக்கும் அப்பால் ஒரு ஊர். விடுமுறை நாளில் மையத்துப் பொருளை எடுத்தது, பிள்ளைகளைப் பூட்டிவைத்தது தெரிந்தும் மேலிடத்துக்குச் சொல்லாதது என்று காகிதத்தில் இருந்ததாம். அம்மா இதை எனக்குச் சொன்னது நான் பத்தாவது படிக்கும்போது. புது டீச்சர் வரப் பல மாதம் ஆயிற்று. அதுவரை தம்பி எங்கும் போகவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் மறுபடியும் கட்டிலுக்கு அடியில்தான்.

அந்த அதிகாரியின் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் வேறொன்றும் கூடவே வந்து நிற்கிறது. எழுதியது போதும் என்று அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு எழுந்துவிட்டார். நான்தான் ஜீப்வரைக்கும் பின்னாலேயே ஓடி, "சார், முட்டையும் குடுத்தாங்க சார், அத எழுதல நீங்க" என்று அவரை நிறுத்தினேன்.