வீராவின் வாயில் வைத்த சாவி

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். ஒரு காலை, உலர்த்தியிருந்த வலைமேல் படுத்திருந்த எங்கள் நாய் வீரா திடீரென விறைத்து, கால்களை உதைத்து நுரை தள்ளியது. வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யோசிக்காமல் வீட்டுச் சாவியை அதன் வாயில் திணித்தேன். பல் என் விரலில் இறங்கியது.

ரத்தத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு ஏழுமலை படகுக் கழியை ஓங்கிக்கொண்டு வந்தான். "நவுருக்கா! வெறி புடிச்சிக்கிச்சி. அட்ச்சிப் போட்டுடலாம்!"

"மொதல்ல என்னை அடி, அப்பால அதை அடி!" என்று கத்தினேன். நான் உரக்கப் பேசி அவன் கேட்டதே இல்லை. ஓங்கிய கழியைத் தாழ்த்தினான்.

அதற்குள் வலிப்பு அடங்கியது. வீராவைக் கட்டிப் படகில் ஏற்றினோம். அதே கழியை ஊன்றி ஏழுமலையே அக்கரையிலிருந்த கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"காக்கா வலிப்பு மாதிரிதான் தெரியுது. இருந்தாலும் பத்து நாள் கட்டிவெச்சுப் பாருங்க. நீங்க இப்பவே போய் ஊசி போட்டுக்கணும்" என்றார் கால்நடை டாக்டர்.

தவணை தவறாமல் கையில் ஊசி போட்டுக்கொண்டு, வீரா தண்ணீர் குடிக்கிறதா என்று தினமும் தவித்துக் கிடந்தேன். குடித்தது. பத்து நாளும் கடந்தன; வெறி இல்லை, காக்கா வலிப்புதான்.

இப்போது தினமும் மாத்திரை தருகிறேன். வலிப்பு வந்தால் வாயருகே கை கொண்டுபோவதில்லை. அடங்கும்வரை தள்ளி நிற்கிறேன். வீராவின் கால் சிக்காமல் வலையை அப்பால் இழுத்துப் போட முதலில் ஓடிவருவது ஏழுமலைதான்.