மிந்தாலில் பிறந்த மேடிங்

தாவோவில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் நாங்கள் முதலில் கேட்பது, "நீங்க எந்த ஊரு?" என்பதுதான். இந்த நகரத்தில் முக்கால்வாசிப் பேர் வேறெங்கிருந்தோ கப்பலேறி வந்தவர்கள். என் அப்பா போஹோல் தீவு. பாங்கெரோஹான் சந்தையில் எனக்கு இடப்பக்கம் கருவாடு விற்றவர் இலோயிலோ, எதிர்வரிசைத் தேங்காய்க்காரர் லெய்தே. சண்டை வந்தால்கூட ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் திட்டிக்கொள்வோம். வலப்பக்கம் பழக்கடை வைத்திருந்த மேடிங்கிடம் கேட்டால் மட்டும், "இங்கதான்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவள் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் அவளை மனாங் என்பேன். எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் என்னை இந்தாய் என்பாள், தங்கச்சி மாதிரி. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பம்ப்ளிமாஸும் கத்தரிக்காயும் விற்றோம். என் மாமியார் கதை, என் பிரசவம், என் கடன் எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் புருஷன் பெயரும் பிள்ளைகள் பெயரும்தான். மற்றதை அவள் சொன்னபோது என் தலையில் நரை வந்திருந்தது.

மேடிங் பிறந்தது நகரத்துக்கு மேற்கே மிந்தாலில். ஆப்போ மலையின் அடிவாரத்தில் அப்போது கண்ணுக்கு எட்டிய வரை அபாக்கா தோட்டம். கப்பல் கயிறு திரிக்கிற நார்வாழை. அந்தத் தோட்டங்களைப் போட்டவர்கள் ஜப்பான்காரர்கள். அவள் அப்பா கின்ஜோ, ஒக்கினாவாவிலிருந்து நார் உரிக்க வந்தவர். அம்மா ஓலெங், பகோபோ குலத்துப் பெண். அந்த மலைச்சரிவே அவள் முன்னோர்களுடையது. மிந்தாலில் ஜப்பான் பள்ளிக்கூடம், ஜப்பான் ஆஸ்பத்திரி, ஜப்பான் கடைத்தெரு எல்லாம் இருந்தன. மேடிங்கை அப்பா ஃபுமி என்று கூப்பிட்டார். பள்ளிக்கூடத்திலும் அதுதான் பெயர். போர் வரும்வரை கின்ஜோவின் மகள் என்றால் கடைக்காரர்கள் ஒரு மிட்டாய் கூடுதலாகக் கொடுப்பார்களாம்.

பிறகு குண்டு விழுந்தது. ஜப்பான் ராணுவம் வந்து நகரத்தைப் பிடித்தது. மூன்றரை வருஷம் கழித்து அமெரிக்கக்காரன் திரும்பி வந்தான். ஜப்பான் குடும்பங்கள் எல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தமுகான் காட்டுக்கு ஓடின. அப்போது மேடிங்குக்கு ஒன்பது வயது. விடாத மழை. ஒரு ஆற்றங்கரையில் அப்பா நின்றுவிட்டார்.

"ஓலெங், நீ உன் சனங்ககிட்டப் போயிடு. பொண்ணைக் கூட்டிட்டுப் போ."

"நீங்க?"

"நான் கூட இருந்தா உங்களையும் சுட்டுடுவாங்க."

தன் சட்டையைக் கழற்றி மகளின் தலையில் போட்டுவிட்டு அவர் கூட்டத்தோடு மேலே ஏறினார். அவர் முகம் மேடிங்குக்கு நினைவில் இல்லை. அந்தச் சட்டையின் ஈரம்தான் நினைவிருக்கிறது. அபாக்கா சாற்றின் துவர்ப்பு வாடை அதில் இருந்ததாம்.

பகோபோ கிராமத்தில் பல மாதம் ஒளிந்திருந்துவிட்டு அவர்கள் கீழே வந்தபோது மிந்தாலில் ஜப்பான்காரர் ஒருவர்கூட இல்லை. உயிரோடு பிடிபட்டவர்களைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் வீட்டுக்கு ஒரு சாவு. குழந்தைகள் அவளைக் கண்டால், "ஜப்பான்காரி! ஜப்பான்காரி!" என்று கல்லெறிந்தார்கள். அவள் காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு உண்டு. ஏணியிலிருந்து விழுந்தது என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

அம்மா அவளை நகரத்துக்குக் கூட்டி வந்துவிட்டாள். வரும் வழியில் சொன்னாள்: "இனிமே உன் பேரு ரெமெடியோஸ். மேடிங்னு கூப்பிடுவேன். அப்பா யாருன்னு கேட்டா, சீனாக்காரர், செத்துட்டாருன்னு சொல்லு. அந்தப் பாஷையில ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்தா நானே உன் வாயைத் தைச்சுடுவேன்."

வரவில்லை. சில வருஷத்தில் அந்தப் பாஷையே அவளுக்கு மறந்துபோயிற்று. துணி துவைத்து அவளை வளர்த்த அம்மா, மேடிங் குமரியாக இருக்கும்போது செத்துப்போனாள். ஃபுமி என்ற பெயரை அறிந்தவர் இனி யாருமில்லை என்று அன்று நினைத்தாளாம். நிம்மதியாக இருந்ததாம். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பயமாகவும் இருந்ததாம்.

கிளேத்தோ ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டுகிறவன். மத்தினாவிலிருந்து அக்தாவோ வரை அவனுடைய பாதை. தினமும் சந்தையோரம் வண்டியை நிறுத்தி அவளிடம் ஒரு பம்ப்ளிமாஸ் வாங்குவான்.

"நேத்து வாங்கின பழமும் புளிக்குது, உங்க மூஞ்சியும் புளிக்குது. ரெண்டுல எதைத் திருப்பிக் குடுக்கறது?"

"பழத்தைக் குடுங்க. மூஞ்சி விற்பனைக்கு இல்ல."

"அப்ப வாடகைக்காவது விடுவீங்களா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிளேத்தோவின் அம்மா, வெங்காயம் உரித்தபடியே, தன் புருஷன் கதையைச் சொன்னாள். விமானத்தளம் போட ஆள் வேண்டும் என்று ஜப்பான் சிப்பாய்கள் அவரைப் பிடித்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"அன்னிக்கே ஓடிப்போயிருக்கணும்" என்று மேடிங் பிற்பாடு என்னிடம் சொன்னாள். "ஆனா அந்த மனுஷன் என்னைச் சிரிக்க வச்சான் இந்தாய். அதுக்கு முன்னால யாரும் என்னைச் சிரிக்க வச்சதில்ல."

ஓடவில்லை. ரோதெல் என்று மகன், மரிவிக் என்று மகள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பச்சை மீனை வெட்டிக் காடியில் ஊறவைப்பார்கள். அவள் வெட்டும் துண்டுகளைப் பார்த்துக் கிளேத்தோ ஒருமுறை, "என்னடி இது, ஜப்பான்காரன் மாதிரி இவ்வளவு மெல்லிசா வெட்டுற?" என்றான். வேடிக்கைக்குச் சொன்னதுதான். அதன் பிறகு அவள் வீட்டில் மீன் தடித்தடியாகத்தான் இருக்கும். நானும் தின்றிருக்கிறேன். காடி உள்ளே இறங்காது.

காலம் மாறியது. அபாக்கா போய் வாழைத் தோட்டங்கள் வந்தன. காட்டு மரங்கள் லாரி லாரியாகத் துறைமுகத்துக்கு இறங்கின. அப்புறம் அந்தக் கொலைகார வருஷங்கள். காட்டிலிருந்து வந்த கெரில்லாக்கள் ஒரு பக்கம், ராணுவம் ஒரு பக்கம். யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாது. அக்தாவோவில் விடிந்தால் தெருவில் பிணம் கிடக்கும். கிளேத்தோ பொழுது சாய்வதற்குள் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிடுவான். சந்தையில் நாங்கள் பேச்சையே குறைத்துக்கொண்டோம். எனக்கு மூச்சு முட்டியது. மேடிங் மட்டும் எப்போதும் போல் பழம் அடுக்கினாள்.

"உங்களுக்குப் பயமே இல்லையா மனாங்?"

"ஊரு இப்பத்தான் வாயை மூடக் கத்துக்குது" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை.

அந்தக் காலமும் தாண்டியது. ஒரு நாள் காலை, துரியன் சீசன், கூட்டம் நெரிந்தது. நல்ல உடுப்புப் போட்ட ஒரு அம்மாள் மேடிங்கின் கடை முன்னால் வந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஃபுமி? நீ ஃபுமிதானே? கின்ஜோ வீட்டுப் பொண்ணு!"

மேடிங் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆள் மாறிப் பேசறீங்க. பழம் வேணுமா?"

"ஒரே பெஞ்சுல உட்கார்ந்தோம்டி. நான் ஹாருவே. மறைச்சதெல்லாம் போதும். இப்ப நாங்க சங்கமே வச்சிருக்கோம். அப்பா ஜப்பான்காரர்னு காட்டினா பிள்ளைங்களுக்கு அங்க வேலை கிடைக்குது. எம் மகன் போயிட்டான்."

"பின்னால ஆள் நிக்குது. வாங்கலைன்னா நகருங்க."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மேடிங் ஒரு பம்ப்ளிமாஸை எடுத்து உரித்தாள். சுளை சுளையாகப் பிரித்து, ஒவ்வொரு சுளையின் வெள்ளைத் தோலையும் நீக்கி, தட்டில் வைத்துக்கொண்டே போனாள். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. கடை கட்டும் நேரத்தில் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். மேலே நான் எழுதியதில் பாதி அன்று கேட்டதுதான்.

அந்தச் சமயத்தில் ரோதெலுக்கு வேலை இல்லை. சவூதிக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் அவனை ஏமாற்றிவிட்டுப் போயிருந்தான். வீட்டில் சும்மா படுத்துக் கிடந்தான். மேடிங் இரண்டு வாரம் யோசித்துவிட்டு, மத்தியானச் சோறு சாப்பிடும்போது கிளேத்தோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் கத்தவில்லை, தட்டைத் தள்ளவில்லை. மிச்சச் சோற்றையும் தின்றுமுடித்தான். பிறகுதான் கேட்டான்.

"பிள்ளைங்களுக்குச் சொல்லு. அவங்களுக்கு உதவும். எனக்கு ஏன் சொன்ன?"

அதற்குப் பிறகு அவன் அவளைக் கேலி செய்யவே இல்லை. வண்டி ஓட்டினான், சம்பாதித்தான், அவள் சமைத்ததைச் சாப்பிட்டான். "உப்பு போதும்", "மழை வருது" என்று பேசினான். சந்தையில் வண்டியை நிறுத்தினால் என்னிடம் வம்பளப்பான், கருவாட்டுக்காரரை வாருவான், அவள் பக்கம் திரும்பும்போது சாதாரணமாகிவிடுவான். ஒருநாள் அவள் தாங்கமாட்டாமல், "திட்டவாவது திட்டேன்" என்றாளாம். "உன்னைத் திட்ட எனக்கு என்ன இருக்கு" என்றானாம்.

அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுப் படுத்தபோது, அவள்தான் துடைத்துவிட்டாள், கஞ்சி ஊட்டினாள். ஒரு மத்தியானம் அவனாகவே கேட்டான்: "உங்க அப்பா எப்படி இருப்பாரு?"

"முகம் ஞாபகமில்ல."

"எனக்கும் எங்க அப்பா முகம் ஞாபகமில்ல."

அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த மாதமே போய்விட்டான். அவன் மன்னித்தானா என்று அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள், பலமுறை. எனக்கு எப்படித் தெரியும்? "கேட்டாரே, அதுவே பெருசுதானே மனாங்" என்று மட்டும் சொல்வேன்.

மேடிங் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டாள். ஹாருவேயின் சங்கத்துக்காரர்கள் ஓடியாடி வேலை பார்த்தார்கள். ரோதெல் நகோயா பக்கம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலைக்குப் போனான். அடுத்து மரிவிக். அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஜப்பான் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டிவிடுவாள், தலை சீவிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அதையெல்லாம் சொல்வாள். "ஒரு பாட்டி என்னை விடவே மாட்டேங்குது நாய், கையைப் புடிச்சுக்கிட்டே தூங்குது." நாய் என்றால் எங்களுக்கு அம்மா. மேடிங் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் வாயில் அடைத்து வைத்திருந்த ஒரு பெயர், திறந்ததும் வீட்டையே காலி செய்துவிட்டது.

பிள்ளைகள் ஒருமுறை அவளைக் கூட்டிப்போய் ஒக்கினாவாவும் காட்டினார்கள். அப்பா அந்தக் கப்பலில் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தார். வேறு கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்து, செத்தும் பல வருஷமாகியிருந்தது. அந்த மகன் இவளை வாசலிலேயே குனிந்து வணங்கி உள்ளே கூப்பிட்டு, தேநீர் கொடுத்தார். மரிவிக் மொழிபெயர்த்தாள்.

"அப்பா எங்களைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காரான்னு கேளு."

அந்த மனிதர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அப்பா தாவோவைப் பற்றி வாயே திறந்ததில்லையாம். மழை பெய்தால் மட்டும் வெளியே போய் நின்றுவிடுவாராம். தன் அம்மா குடையோடு போய்க் கூட்டி வருவாளாம்.

சுவரில் அப்பாவின் படம் இருந்தது. கிழவர். மேடிங் அதை உற்றுப் பார்த்தாள். "யாரோ ஒரு தாத்தா மாதிரி இருந்துச்சு இந்தாய்" என்றாள் திரும்பி வந்து. அங்கேயே இருந்துவிடச் சொல்லிப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். ரோதெல் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தாள். மகனும் மருமகளும் விடியும் முன் போய் இருட்டிய பின் வருவார்கள். கீழே தெருவில் ஒரு சத்தமும் கிடையாது. "இங்க என்னைத் திட்டக்கூட ஆளில்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள். பணத்துக்குக் குறைவில்லாவிட்டாலும் தாவோ வந்த மறுநாளே கடையைத் திறந்தாள்.

ஆகஸ்ட் மாதம் ஜப்பானிலிருந்து வயதானவர்கள் கூட்டமாக மிந்தால் கல்லறைத் தோட்டத்துக்கு வருவார்கள். இங்கே செத்த சொந்தங்களுக்கு ஊதுவத்தி கொளுத்துவார்கள். அவளுக்கு எழுபது தாண்டியிருந்தபோது ஒரு வருஷம், "வா, போயிட்டு வரலாம்" என்று என்னைக் கூப்பிட்டாள். நாங்கள் மரத்தடியில் நின்று பார்த்தோம். ஹாருவே முன்வரிசையில் இருந்தாள். மேடிங் அங்கே போகவில்லை.

எல்லாரும் பேருந்தில் ஏறப் போன பிறகும் ஒரு கிழவர் மட்டும் நினைவுத் தூணுக்கு முன்னால் உச்சி வெயிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மேடிங் போய்த் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றி தரையில் படும் அளவுக்குக் குனிந்து என்னவோ சொன்னார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். குடை வாடகைக்கு விடுகிற உள்ளூர்க்காரி என்று நினைத்துவிட்டார் போல. மேடிங் வேண்டாம் என்று கையசைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளிடம் அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு பெண் வந்து கிழவரைக் கைத்தாங்கலாகப் பேருந்துக்கு அழைத்துப் போனாள்.

"சொல்லியிருக்கலாமே மனாங், நீங்க யாருன்னு" என்றேன்.

"வெயிலு அதிகம். மனுஷன் மயங்கி விழுந்திருப்பாரு" என்றாள்.

ஜீப்னியில் திரும்பினோம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், ஒரே இரைச்சல். டிரைவர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான். மத்தினாவில் அவள் இறங்கிக்கொண்டாள். சாலையைத் தாண்ட முடியாமல் மடக்கிய குடையோடு ஓரத்திலேயே நின்றிருந்தாள். எங்கள் வண்டி நகர்ந்தது.

மறுநாள் நான் போவதற்கு முன்பே கடையைத் திறந்து, பழம் அடுக்கி முடித்திருந்தாள்.